வளர்ப்பதா? வதைப்பதா?

"சிலந்தியைக் கண்டால் செருப்பைத் தேடு" என்பது நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டம். அச்சட்டத்துக்கு நேர்மாறான மோகம் ஒன்று இப்போது நம் இளைஞரிடையே தலைதூக்கியிருக்கிறது. டாரண்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தியின் குஞ்சுகளை விலைகொடுத்து வாங்கி வளர்க்கும் மோகம் அது. கைப்பேசியில் படத்தைப் பார்க்கிறார்கள், அதன் நீலத்திலும் செம்மையிலும் மயங்குகிறார்கள், பணத்தைச் செலுத்துகிறார்கள். சில நாளில் விரல் அளவுள்ள குப்பி ஒன்று வீடு தேடி வருகிறது. அதனுள் ஈரத்தாளுக்கிடையே ஒடுங்கிக் கிடப்பதோ உளுந்தின் அளவே உள்ள ஓர் உயிர்!

செருப்பைத் தேடுவோர் ஒரு சாரார். குப்பியைத் தேடுவோர் மற்றொரு சாரார். முன்னவர் வெறுப்பினால் கொல்கின்றனர்; பின்னவர் விருப்பினால் கொல்கின்றனர். இரண்டுக்கும் வேர் அறியாமை ஒன்றே. இவ்விரு சாராரையும் மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவருள்ளும் இரண்டாம் சாராரையே நான் மிகுதியும் கடிந்துரைப்பேன். ஏனெனில், அன்பு என்னும் பெயரால் செய்யப்படும் கொலையை எவரும் கொலை என்று சொல்வதில்லை. அப்படி ஒரு கொலையைச் செய்தவன் நான். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பூச்சியும் அன்று, பூதமும் அன்று

முதலில் இவ்வுயிரைப் பற்றிய உண்மைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் சிலந்தியை 'எட்டுக்கால் பூச்சி' என்கிறோம். பேச்சு வழக்கில் அதனைப் பிழை என்று சொல்வதற்கில்லை; சிற்றுயிர் அனைத்தையும் பூச்சி என்று அழைப்பது நம் மக்களின் இயல்பு. ஆயினும் அறிவியல் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அப்பெயரோடு நின்றுவிடலாகாது. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கு எட்டு. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று கூறுபடும். சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்திருப்பதால் கூறுகள் இரண்டே. பூச்சிக்கு உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு இல்லை. தேளும் உண்ணியும் சிலந்தியின் உறவினரேயன்றி, ஈயும் எறும்பும் அதன் உறவினர் அல்ல. இவ்வுயிர்க்குச் 'சிலம்பி' என்னும் அழகிய பெயரைப் பழந்தமிழ் வழங்கியிருக்கிறது. அப்பெயரை அறிந்த மாணவர் இன்று எத்தனை பேர்?

டாரண்டுலா என்னும் பெயர் இத்தாலி நாட்டின் டாரண்டோ நகரிலிருந்து வந்தது. அங்கே அப்பெயரைப் பெற்றிருந்தது வேறொரு சிலந்தி. ஓநாய்ச் சிலந்தி என்னும் இனத்தைச் சேர்ந்தது. அது கடித்தால் ஆடிப்பாடியே நஞ்சை இறக்கவேண்டும் என்று அவ்வூரார் நம்பினர். பின்னாளில் ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் உள்ளங்கை அகலமுள்ள மயிர் அடர்ந்த சிலந்திகளைக் கண்டபோது, தம் ஊர்ப் பழைய அச்சத்தின் பெயரையே அவற்றின் தலையில் சுமத்திவிட்டனர். ஆகவே, பெயரிலேயே அவதூறு கலந்திருக்கிறது என்க.

உண்மை யாது? டாரண்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதிப்பட்ட செய்தி ஒன்றுமில்லை. அமெரிக்கக் கண்டத்து இனங்களுள் பல, வளர்ந்த பின்னர்த் தம் வயிற்றிலுள்ள நுண்மயிரைப் பின்னங்காலால் உதறும். அது தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். நம் ஆசியக் கண்டத்து இனங்களுக்கு அந்த அரிப்பு மயிர் இல்லை. அதற்கு மாறாக வேகம் மிகுதி, நஞ்சும் வலிது, கடியுண்டவர் கடும் வலியாலும் தசைப்பிடிப்பாலும் அவதியுறுவர். எனவே, 'நம் காட்டில் கிடைப்பதுதானே' என்று எண்ணி உள்ளூர்ச் சிலந்தியைப் பிடித்து வளர்க்க முற்படும் புதியவர் செய்வது அறிவீனம்.

கண்கள் எட்டு இருந்தும் இதன் பார்வை மங்கலே. கால்களிலும் உடலிலும் உள்ள மயிர்கள் வழியே அதிர்வை உணர்ந்துதான் இது உலகத்தை அறிகிறது. நாம் விரலை நீட்டும்போது அதற்குத் தெரிவது அன்பு நிறைந்த ஒரு கரமன்று; நிலம் அதிர்கிறது, ஏதோ ஒரு பகை வருகிறது என்பது மட்டுமே. நாயைப்போல் வாலாட்டாது, கிளியைப்போல் பெயர் சொல்லாது, பத்தாண்டு சோறிட்டாலும் தன்னை வளர்த்தவர் இவர் என்று அறியாது. இதனை ஏற்க இயலாதவர் சிலந்தியின் பக்கமே தலைவைத்துப் படுக்கவேண்டா.

செருப்பு ஏந்துவோர்க்கு ஒரு கேள்வி

தோட்டப்புறத்தில் வளர்ந்த என் தலைமுறையினர்க்குச் சிலந்தி அச்சம் இருந்ததில்லை. பள்ளி விட்டதும் வேலியோரச் செடிகளில் ஒட்டிக் கிடக்கும் இலைகளைப் பிரித்துப் பார்த்துக் குதிக்கும் சிறு சிலந்திகளைப் பிடிப்போம். தீப்பெட்டியில் ஓர் இலைத்துண்டோடு வைத்துக்கொண்டு மறுநாள் சண்டைக்கு விடுவோம். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் எங்களோடு கூடி நிற்பர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அக்காலத்தில் இவ்விளையாட்டை அறியாத சிறுவர் அரியர். அது நல்ல விளையாட்டு என்று நான் வாதிக்கவில்லை. இரு சிற்றுயிரை மோதவிட்டு மகிழ்ந்தது எங்கள் சிறுமையே. ஆயினும், அந்தத் தீப்பெட்டியைச் சுமந்தவனுக்குச் சிலந்தி எங்கே உறங்கும், எப்போது இரைதேடும், எதைக் கண்டு பின்வாங்கும் என்பன தெரிந்திருந்தன. இன்று அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு, மருந்து தெளித்துக் கொல்லவேண்டிய ஒன்று என்பதைத் தவிர அதைப்பற்றி வேறு என்ன தெரியும்?

திருவானைக்காவின் தலவரலாற்றைத் தமிழாசிரியர் அறிவர். இறைவன் திருமேனியின்மேல் சருகு விழாதிருக்கச் சிலந்தி நூற்பந்தல் இட்டது. நீர் கொணர்ந்து வழிபட்ட யானை அப்பந்தலைக் குப்பை என்று கருதித் துடைத்தெறிந்தது. முடிவில் இரண்டுமே மாண்டன. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்பர். இக்கதையைச் சொல்லும்போது நாம் சிலந்தியின் பக்தியையே பாராட்டுகிறோம். யானையின் பிழையை எண்ணிப் பார்த்ததுண்டா? யானைக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. தூய்மை செய்கிறோம் என்றே அது நம்பியது. தனக்குப் புரியாத ஒன்றைக் குப்பை என்று கொண்டதே அதன் குற்றம். துடைப்பத்தோடும் செருப்போடும் நிற்கும் நாம் அந்த யானைகள் அல்லமோ?

இது செருப்பேந்துவோர்க்குப் போதும். இனிக் குப்பி ஏந்துவோரிடம் வருவோம். யானையின் குற்றம் அவரிடமும் உண்டு.

புதிதாய் வளர்ப்பார் இழைக்கும் நான்கு குற்றங்கள்

தாய்ச்சிலந்தி தன் முட்டைகளைப் பட்டுப்போன்ற நூலால் பொதிந்து காக்கும். ஒரு பொதியில் சில இனங்களுக்கு நூற்றுக்கும் குறைவான குஞ்சுகள். சில இனங்களுக்கு ஆயிரத்துக்கும் மேல். காட்டில் இவற்றுள் மிகச் சிலவே பிழைக்கும். ஆனால் குப்பியில் அடைத்து விற்கப்படும் குஞ்சு இயற்கையால் சாவதில்லை. பெரும்பாலும் வாங்கியவராலேயே சாகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதற்குற்றம், மாளிகை கட்டுதல். உளுந்தளவு உயிர்க்கு ஒரு முழ நீளக் கண்ணாடித் தொட்டியை வாங்கி, அதில் பாறையும் பொம்மையும் செயற்கைக் கொடியும் வைத்து அழகு பார்க்கிறார்கள். அதனுள் குஞ்சு இரையைத் தேடிக் காணாது அலைகிறது. வளர்ப்பவரோ குஞ்சைத் தேடிக் காணாது அலைகிறார். தரையில் வாழும் இனத்தின் குஞ்சுக்கு வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு டப்பா. அதில் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டைத் துண்டு. ஊசியால் இட்ட காற்றுத் துளைகள். துளை குஞ்சின் தலைமார்பை விடச் சிறிதாக இருக்கவேண்டும். இல்லையேல் இரவோடு இரவாக அது வெளியேறிவிடும். டப்பா உயரமாக இருப்பின் அதுவும் கேடு. சிலந்தியின் வயிறு மெல்லிய தோற்பை போன்றது. ஏறி விழுந்தால் கிழியும்; கிழிந்தால் பிழைப்பது அரிது.

இரண்டாங்குற்றம், நீரும் வெப்பமும் மிகுத்தல். குளிர்நாட்டார் தம் நாட்டுக்கு எழுதிய அறிவுரையைப் படித்துவிட்டு, இங்கே வெப்பவிளக்கு வாங்குவோர் உளர். நம் நாட்டில் நிழலுள்ள ஓர் அறையின் இயல்பான வெப்பமே இவ்வுயிர்க்குப் போதுமே! சன்னலோரத்து வெயிலில் வைத்த குப்பி ஒரு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். இனி நீர். வளர்ந்த சிலந்தியின் மேலோடு ஈரத்தைக் காத்துக்கொள்ளும். குஞ்சின் மெல்லிய மேலோட்டுக்கு அவ்வாற்றல் குறைவு. ஆதலால் முற்றும் உலர்ந்த மண்ணில் அது வாடிச் சாகும். இதனைக் கேட்டவுடன் நாள்தோறும் நீரைத் தெளித்துச் சேறாக்குகிறார்கள். சேற்றில் பூஞ்சணமும் உண்ணியும் பெருகும்; காற்றோட்டமற்ற ஈரத்தில் குஞ்சு மூச்சுமுட்டி மடியும். ஒரு பக்கம் சற்றே ஈரம், மறுபக்கம் உலர்வு, மேலே காற்று. எங்கே இருப்பது என்பதைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும். அதற்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

இங்கே நம் நாட்டுக்கே உரிய இரண்டு எமன்களையும் சொல்லவேண்டும். ஒன்று எறும்பு. மிச்ச இரையின் மணத்தை நாடிவரும் எறும்புச் சாரி, தோலுரித்துச் சோர்ந்து கிடக்கும் குஞ்சை ஓரிரவில் தின்றுவிடும். மற்றொன்று மருந்து. டிங்கிக் கொசுவை ஒழிக்க வீட்டு வாயிலில் புகையடிப்பவர் தம் கடமையைச் செய்கிறார். அவரைக் குறைசொல்ல இயலாது. ஆனால் கொசுவைக் கொல்லும் புகை சிலந்திக்கு மட்டும் சாமரம் வீசுமா? புகையடிக்கும் நாளில் குப்பியை அப்புறப்படுத்த இயலாதவர் வளர்ப்புக்குத் தகுதியற்றவர்.

மூன்றாங்குற்றம், ஊட்டிக் கொல்லுதல். நம்மவர்க்கு அன்பு என்றால் சோறு. விருந்தினரை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திணறடிக்கும் அதே கரம் சிலந்தியையும் விட்டுவைப்பதில்லை. குஞ்சுக்குத் தன் வயிற்றினும் பெரிதாகாத இரை வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கிடைத்தால் போதும். பழ ஈயும், மலாய்க்காரர் செங்கெரிக் என்று சொல்லும் சுவர்க்கோழியின் குஞ்சும், அறுத்த மாவுப்புழுத் துண்டும் தக்க உணவு. மறுநாளும் தின்னாது விட்டால் எடுத்துவிடவேண்டும். வயலிலும் வேலியிலும் பிடித்த பூச்சியை இடுவது தீது. அதன் உடலில் எந்தப் பூச்சிமருந்து ஏறியிருக்குமோ, யார் கண்டார்?

நான்காங்குற்றம், கைப்படுத்துதல். மற்ற மூன்றும் அறியாமை, இதுவோ ஆணவம். நண்பர் வந்தால் குப்பியைத் திறந்து கையில் விட்டுக் காட்டவேண்டும், படம் எடுக்கவேண்டும், அதனை ஊரார் பார்க்கவேண்டும். அந்தப் படத்தினால் சிலந்திக்கு என்ன நன்மை? குஞ்சு மின்னலென ஓடும், தவறி விழும், கைநடுக்கத்தில் நசுங்கும். 'பழக்கினால் பழகிவிடும்' என்பார்க்கு ஒன்று சொல்வேன்: பழகுவது உங்கள் அச்சம் மட்டுமே, சிலந்தி பழகுவதில்லை.

சட்டை கழற்றும் வேளை

இவ்வளவையும் ஏட்டறிவாக மட்டும் சொல்லியிருந்தால் எனக்கு இக்கட்டுரையை எழுதும் உரிமை இல்லை. நான் பணி ஓய்வு பெற்ற பின்னர் என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். பல்கலைக்கழகத்தில் பயில்பவன், மூன்று மாதம் வெளியூரில் பயிற்சிக்குச் செல்லவேண்டியவன். நடு அமெரிக்க இனமான சுருள்மயிர்ச் சிலந்தியின் குஞ்சுகள் இரண்டை வைத்திருந்தான். "ஐயா, இதைப் பார்த்துக்கொள்ள வேறு யாரையும் நம்ப முடியவில்லை" என்று அவ்விரு டப்பாக்களையும் என் மேசைமேல் வைத்தான். முப்பது ஆண்டு பிள்ளைகளை மேய்த்தவனுக்கு இரண்டு சிலந்தி ஒரு பொருட்டா என்று நான் எண்ணிக்கொண்டேன். "உண்ணாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று அவன் சொன்னதை என் செவி வாங்கியது, மனம் வாங்கவில்லை.

ஒரு மாதம் சென்றது. இரண்டனுள் ஒன்று இரையைத் தொடவில்லை. வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டது. வாரம் ஒன்று, இரண்டு, மூன்று. பட்டினி கிடந்து சாகிறதே என்று என் உள்ளம் பதைத்தது. பிள்ளை ஒப்படைத்துச் சென்ற உயிர் ஆயிற்றே! ஒரு மாலை, குச்சி ஒன்றால் அவ்வளையை மெல்லத் தோண்டித் திறந்தேன். உள்ளே அது கரிய பளபளத்த வயிற்றோடு அசைவற்றிருந்தது. உயிரோடுதான் இருக்கிறது என்று மகிழ்ந்து, உயிருள்ள சுவர்க்கோழி ஒன்றை உள்ளே விட்டு மூடினேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

காலையில் பார்த்தபோது பழைய தோல் பாதி கழன்றிருந்தது. பாதி வெளிவந்த உடல் வெளுத்து, மென்மையாய், கடிபட்டுக் கிடந்தது. அதன் மேல் சுவர்க்கோழி அமர்ந்திருந்தது.

நான் அறியாதிருந்தது இதுதான். சிலந்தியின் மேலோடு வளர்வதில்லை. உடல் வளரும்போது அதனைக் கழற்றிவிட்டுப் புதிதணியவேண்டும். அதற்கு முன்னர் அது உண்பதை நிறுத்தும், வயிறு கறுத்து மின்னும், வளையை அடைத்துக்கொள்ளும். வாரக் கணக்கிலும், பெரிதான பின்னர் மாதக் கணக்கிலும் இந்நோன்பு நீளும். பின்னர் மல்லாந்து படுத்து, மேலோடு விரிய, ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளிவரும். அப்போது அதன் நச்சுப்பற்கள்கூட வெண்மையாய், மென்மையாய் இருக்கும். அவை கறுத்துக் கெட்டிப்படும்வரை அதனால் இரையைக் கொல்ல இயலாது. இரைதான் அதனைக் கொல்லும். ஆகவே அவ்வேளையில் உயிருள்ள இரையை உள்ளே விடுவது, மகப்பேற்று அறைக்குள் வெறிநாயை விடுவதற்கு ஒப்பாகும். தோலுரித்த பின்னரும் குஞ்சுக்கு ஒரு வாரமாவது ஓய்வு வேண்டும்.

இன்னொன்றும் அறிதல் வேண்டும். மல்லாந்து கிடக்கும் சிலந்தி செத்துவிட்டது என்று எண்ணி எடுத்தெறிந்தோர் பலர். அது சாவின் கோலமன்று, பிறப்பின் கோலம். சாகும் சிலந்தி நிமிர்ந்த நிலையிலேயே கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். கால்களை நீட்டுவது தசையின் வலிமை மட்டுமன்று, உடல்நீரின் அழுத்தம். நீர் வற்றினால் கால் நீளாது, சுருளும். வாழ்வையும் சாவையும் மாறாகப் படிக்கும் வளர்ப்பாளனால் யாருக்கு என்ன பயன்?

மாணவன் திரும்பி வந்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் டப்பாவைப் பார்த்திருந்துவிட்டு, "அதற்குப் பசி என்று உங்களுக்கு யார் சொன்னது, ஐயா?" என்று மட்டும் கேட்டான். ஆசிரியனாகிய எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. பசித்தது குஞ்சுக்கு அன்று; ஏதேனும் செய்தாகவேண்டும் என்னும் என் பதற்றத்துக்கே பசி.

"அப்படியாயின் வளர்க்கவே வேண்டா" என்பார்க்கு

இதனைக் கேட்கும் சிலர், "இத்தனை தொல்லை எதற்கு? காட்டுயிரைக் காட்டிலேயே விட்டுவிடுவதுதானே அறம்?" என்பர். இந்த மறுப்பு வலிமையுடையது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. காட்டிலிருந்து பிடித்து விற்கப்படும் சிலந்தியைப் பொறுத்தவரை நான் அதனை முற்றாக ஏற்கிறேன். மெக்சிகோ நாட்டுச் செம்முழங்கால் சிலந்தி, வணிகரின் வேட்டைக்கு அஞ்சி 1985ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் ஏற்றப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் போசிலோதீரியா என்னும் பேரினம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் ஏறுவது பெருமையன்று, ஆபத்தின் அடையாளம்.

நம் நாட்டிலும் இக்கதை நடந்தது. சரவாக் காட்டில் மின்னும் நீலக்கால்களையுடைய ஒரு சிலந்தி கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற்பெயர் சூட்டும் கட்டுரை பிரிட்டனில் வெளிவந்தபோது, அதற்கு அடிப்படையான சிலந்திகள் உரிய அனுமதியின்றிக் காட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை என்று கடுங்கண்டனம் எழுந்தது. அதன் வாழ்வைப் பற்றி அறிஞர் ஆராய்ந்து முடிப்பதற்குள்ளேயே அது விலைப்பொருளாகிவிட்டது. நம் மண்ணின் உயிர் நமக்கே தெரியாமல் கடல் கடந்து செல்கிறது. ரப்பர் விதை பிரேசிலிலிருந்து இலண்டன் வழியே இம்மண்ணுக்கு வந்த வரலாற்றைப் படித்துத் தேர்வெழுதும் நம் மாணவர், இம்மண்ணிலிருந்து செல்வது யாது என்பதையும் படிக்கவேண்டாவா?

ஆதலால் விதி இதுவாக இருக்கட்டும். காட்டிலிருந்து எடுத்தது எதனையும் வாங்காதீர். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த தாயின் குஞ்சு என்று உறுதிப்பட்டாலன்றிக் கைநீட்டாதீர். வனவிலங்குத் துறையிடம் சட்டநிலையைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் டாரண்டுலாவை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அங்குள்ள அன்பர்கள் அதனை மதித்து ஒதுங்குவதே முறை. சலித்துப்போன அயல்நாட்டுச் சிலந்தியை நம் காட்டில் விட்டுவிடுவதும் கருணையன்று. அது இரண்டாவது கொடுமை. செம்முழங்கால் போன்ற இனங்களின் பெண்சிலந்தி இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். ஆண் சிலந்திக்குச் சில ஆண்டுகளே. வாங்கும் குஞ்சு எதுவென்று தொடக்கத்தில் தெரியாது. இன்று பதினேழு வயதில் குப்பி வாங்கும் இளைஞன், தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலும் அதற்கு இரையிடக் கடமைப்பட்டவன். இதற்கு உடன்படுவோர் மட்டும் வாங்குக!

இவ்வரம்புகளுக்குள் நின்று வளர்ப்பவரை நான் மறுக்கமாட்டேன். தேவை என்ன என்பதைத் தானே முடிவு செய்யாமல், எதிரிலுள்ள உயிரைக் கேட்டறியும் பழக்கத்தை இவ்வளர்ப்பு கற்றுத்தருகிறது. நாய் குரைத்துக் கேட்கும். பூனை உரசிக் கேட்கும். இதுவோ கேட்பதே இல்லை. உற்றுநோக்கி அறிந்தாலன்றி இதனை வளர்க்க இயலாது.

பதினாறாம் எண்

உற்றுநோக்குதல் என்றால் என்ன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். டாரண்டுலாவின் நெருங்கிய உறவினம் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. நிலத்தில் வளைதோண்டி, வாயிலுக்குக் கதவமைத்து வாழ்வதால் அதனைக் கதவுச்சிலந்தி என்பர். பார்பரா யார்க் மெயின் என்னும் அறிஞர் 1974ஆம் ஆண்டில் அங்கே ஒரு புதர்க்காட்டில் அச்சிலந்திகளின் வளைகளுக்கு எண்ணிட்டு ஆராயத் தொடங்கினார். அவற்றுள் பதினாறாம் எண் பெற்ற வளையில் அப்போது ஒரு குஞ்சு இருந்தது. அவ்வம்மையார் அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. கையில் ஏந்திப் படமெடுக்கவில்லை. ஆண்டுதோறும் அங்கே சென்று, குனிந்து பார்த்து, குறித்துக்கொண்டு திரும்பினார். தம் முதுமையில் அப்பணியை இளைய அறிஞரிடம் ஒப்படைத்தார். 2016ஆம் ஆண்டில், குளவி ஒன்று துளைத்த வாயிலோடு அவ்வளை வெறுமையாய்க் கிடந்தது. பதினாறாம் எண் சிலந்தி 43 ஆண்டு வாழ்ந்தது என்று 2018ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். நெடுநாள் வாழ்ந்ததாக நாம் அறிந்த சிலந்தி அதுவே. அவ்வம்மையார் 2019ஆம் ஆண்டில் மறைந்தார்.

அச்சிலந்தியை அவர் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. எனினும் அதனை அவரினும் நன்கு அறிந்தவர் யார்? ஒரே நாளில் பத்துக் குப்பி வாங்கி, ஓராண்டில் பத்தையும் புதைத்துவிட்டு, "எனக்குச் சிலந்தி என்றால் உயிர்" என்று சொல்லித் திரிவோர் அவ்வம்மையாரை எண்ணி நாணவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே!

இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு வகுப்புக்கு ஒரு குப்பி வாங்கி வைத்துவிடாதீர்கள். முப்பது பிள்ளைகளின் முப்பது விரல்கள் ஒரு குஞ்சுக்கு நரகம். பள்ளித் தாழ்வாரத்து மூலையில் வலை பின்னியிருக்கும் சிலந்தியைத் துப்புரவுப் பணியாளர் துடைக்காமல் ஒரு மாதம் விட்டுவையுங்கள். பிள்ளைகளை அதன்முன் நிறுத்துங்கள். "தொடாதே, பார், பார்த்ததை எழுது" என்று சொல்லுங்கள். எப்போது வலையைப் பிரித்துக் கட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது, தோலை எங்கே தொங்கவிடுகிறது என்று அவர்கள் எழுதட்டும். அதுவே அறிவியல், அதுவே நல்ல தமிழ்க் கட்டுரைக்கும் பயிற்சி. அப்படி ஓராண்டு பார்த்த பிள்ளை, பின்னாளில் குஞ்சு வளர்க்க விரும்பினால் அவனைத் தடுக்கவேண்டியதில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். மாணவன் கேட்ட அந்தக் கேள்விக்குப் பின்னர் என் முப்பது ஆண்டுப் பணியை எண்ணிப் பார்த்தேன். வாய்பேசாது கடைசி வரிசையில் ஒதுங்கியிருந்த பிள்ளைகள் பலர் நினைவுக்கு வந்தனர். அவர்கள் மந்தம் என்றெண்ணி எழுப்பி நிறுத்தினேன். கேள்விமேல் கேள்வி தொடுத்தேன். கூடுதல் பாடத்தைத் திணித்தேன். அவர்களுள் எத்தனை பேர் அப்போது வளையை அடைத்துக்கொண்டு உள்ளே வளர்ந்துகொண்டிருந்தனரோ! எத்தனை பேரை நான் குச்சியால் தோண்டி எடுத்தேனோ! அக்கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்த கணக்கு ஒன்றே: ஒரு சிறு டப்பா, அதில் பாதி கழன்ற ஒரு தோல்.

மற்றொரு குஞ்சு இன்றும் என் மாணவனிடம் வளர்கிறது. பலமுறை தோலுரித்து இப்போது உள்ளங்கையளவு ஆகிவிட்டதாம். சென்ற தீபாவளிக்கு வந்தவன் அதனைக் கொண்டுவரவில்லை. "பயணம் அதற்கு ஆகாது, ஐயா, வளையை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்றான். வளர்க்கத் தெரிந்தவன் அவன். தொடத் துடிக்கும் கையை மடக்கிக்கொள்ளத் தெரிந்தவர் வளர்க்கட்டும். தெரியாதவர் குப்பியை வாங்காதிருக்கட்டும்.